பாலிஷ் போடாத பொட்டலம்

எம்.எஸ்ஸி. முடித்து, தேர்வு எழுதி, நேர்காணலில் மூன்று பேராசிரியர்கள் முன்னால் வியர்த்துக் கொட்டி எனக்குக் கிடைத்த வேலை, பூனைப் பீ பொறுக்குவது. வீட்டில் நான் அதை நாசூக்காக 'எச்ச மாதிரி சேகரிப்பு' என்றுதான் சொன்னேன். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரஹாரத்தில் எங்கள் வீட்டில் நாசூக்கு எடுபடாது. அம்மா ஒரே நிமிடத்தில் விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"எம்.எஸ்ஸி. படிச்சுட்டு பூனைக் கக்கூஸ் பெறுக்கறயாடி? வேற ஜோலி ஒண்ணும் கிட்டலையா நோக்கு?"

"கிட்டலைம்மா."

"அடுத்தாத்து மாமி கேட்டா நான் என்ன பறையறது?"

"காட்டு இலாகாவோட சேர்ந்த ப்ராஜெக்ட்னு சொல்லு."

அம்மா அப்படியே சொன்னாள். மாமி அதைப் புலி என்று புரிந்துகொண்டாள். அம்மா திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. இன்றுவரை எங்கள் தெருவில் நான் புலி பார்க்கிற பெண்தான்.

வேலை என்னவோ எளிதுதான். சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டங்களில் கடைசிச் செடி வரிசை முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடுகிறது. நடுவில் எல்லைக்குக் கல் அடுக்கிய குவியல்கள் இருக்கும். அவற்றை ஜண்டை என்பார்கள். தோட்டத்தில் எலி பிடிக்க வளர்க்கிற பூனைகள் ஜண்டையை மதிப்பதில்லை. உள்ளே போகின்றன, குட்டி போடுகின்றன, அந்தக் குட்டிகள் மனித வாடையே இல்லாமல் வளர்ந்து காட்டுக்கே சொந்தக்காரர்களாகிவிடுகின்றன. இப்படி ஒரு பிராணி வருமென்று தெரியாமல் வாழ்ந்துகொண்டிருந்த தவளைகளும், தரையில் கூடு கட்டுகிற குருவிகளும் அவற்றுக்குச் சிற்றுண்டி. அங்கேயே பிறந்து வளர்ந்த சிறுத்தைப்பூனைக்கு இவை போட்டி. போதாததற்கு நோயையும் கொடுத்துவிட்டு வரும். எனக்குப் பூனைகளைப் பிடிக்கும். தவளைகளையும் பிடிக்கும். தவளைகளுக்காகப் பரிந்து பேச ஊரில் ஆள் குறைவு.

எத்தனை வீட்டுப் பூனைகள் உள்ளே போயிருக்கின்றன என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். பூனை கணக்கெடுப்புக்கு நின்று பெயர் கொடுக்காது. ஆனால் அது போட்டுவிட்டுப் போனது கிடக்கும். குடலை விட்டு வழுக்கி வெளியே வரும்போது குடலின் உள்சுவரிலிருந்து கொஞ்சம் உயிரணுக்கள் அதன் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டு வரும். ஆய்வகத்தில் அந்தப் பிசுக்கைச் சுரண்டி டி.என்.ஏ. பார்த்தால் சிறுத்தைப்பூனையா வீட்டுப் பூனையா என்று தெரிந்துவிடும். நல்ல மாதிரியாக இருந்தால் எந்தப் பூனை என்றே தெரிந்துவிடும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும் என்று சில பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். நானும் இரண்டு மாதம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆய்வக முடிவு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

பாலக்காட்டிலிருந்து சக்குபள்ளம் போக நான் பொள்ளாச்சி, திண்டுக்கல், தேனி, கம்பம் என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு குமுளியில் மறுபடி கேரளத்துக்குள் ஏறுவேன். ஒரு தோட்டத்தில் ஸ்டோரின் மூலையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். ஸ்டோர் என்றால் ஏலக்காயை உலர்த்தி, தேய்த்து, சலிக்கிற கட்டடம். அங்கே எல்லாவற்றுக்கும் அதிகாரம் கங்காணி அக்காவுக்கு. ஐம்பது வயதிருக்கும். தினமும் காலையில் கம்பத்திலிருந்து பத்துப் பதினைந்து பெண்களோடு ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி வந்து, அத்தனை பேரையும் மேய்த்து, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குகிறவர். கையில் நோட்டுப் புத்தகம் வைத்திருந்ததால் நான் அவருக்கு டீச்சர்.

"டீச்சரு, பீயப் பாத்து எந்தப் பூனைன்னு சொல்லிருவீகளாமே?"

"பார்த்தா தெரியாதுக்கா. லேபுக்கு அனுப்பினா தெரியும்."

"எங்க கடுவன்னா, கடுவன்னே சொல்லிருமா?"

"சொல்லும்."

கடுவன் என்பது ஸ்டோர்ப் பூனை. சாம்பல் நிறத்தில் கோடு போட்ட, இடது காது கிழிந்த, பன் மாதிரி அகன்ற முகமுள்ள ஆண் பூனை. கண் திறக்காத குட்டியாக விறகு அடுக்கில் கிடந்ததை எடுத்து, துணித் திரியில் பால் நனைத்துக் கொடுத்து வளர்த்தது அக்காதான். மதியம் அவர் தூக்குச்சட்டியைத் திறந்தால் கடுவன் வந்து அவர் பாதத்தின் மேல் உட்காரும். கருவாட்டுத் தலை அதற்கு. "ஒடம்பு எனக்கு, தல அவனுக்கு. அப்பிடித்தேன் பாகம் பிரிச்சிருக்கோம்" என்பார். பிள்ளைகள் எல்லாம் கல்யாணமாகி ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். முழங்கால் வலியோடு மலையேறி வருவதே இவனைப் பார்க்கத்தான் என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவர் மறுத்ததில்லை.

"உள்ள போனது கடுவன்தேன்னு தெரிஞ்சா?" என்று கேட்டார்.

நான் மழுப்பவில்லை. காட்டுக்குள் போவது உறுதியான பூனையைப் பிடித்து மலையிலிருந்து இறக்கிக் காப்பகத்தில் விடுவார்கள், திரும்ப விடமாட்டார்கள் என்று சொன்னேன். அக்கா கடுவனைத் தூக்கி மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அதன் வாய்க்குள் பஞ்சுக்குச்சி விட்டு ஒப்பிட்டுப் பார்க்க எச்சில் எடுத்தேன். பிடித்த அக்காவுக்கு ஒரு கீறல் இல்லை, எனக்கு மூன்று.

தோட்டத்தில் ஒரு செடி விடாமல் நடக்கிறவர்கள் இந்தப் பெண்கள்தான். நான் ஒருத்தி தேடினால் வருடக்கணக்காகும். அதனால் அவர்களிடமே கேட்டேன். "குனிஞ்சு பொறுக்குறதுதேன எங்க சோலியே. காயோட சேத்து அதையும் பாத்துக்கிறோம்" என்றார் அக்கா. கையுறையும் ஜிப் வைத்த கவரும் கொடுத்தேன். குச்சியால் எடுக்க வேண்டும், எடுத்த இடத்தை எழுத வேண்டும், ஈரம் ஆகாது, நன்றாகக் காயவைத்துவிடுங்கோ என்று பாடம் நடத்தினேன். என் 'ங்கோ'வைக் கேட்டுப் பின்வரிசையில் சிரித்தார்கள். நான் ஆய்வக வேலையாகப் பாலக்காட்டுக்குக் கிளம்பினேன்.

கிளம்பும்போது அக்கா ஒரு கவரில் ஏலக்காய் கொடுத்தார். காம்பும் காய்ந்த பூவும் தூசியுமாக இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது வீட்டுக்கு வைக்கிற காய் டீச்சரு. ஆக்‌ஷன்ல ஏலம் போற காயத்தேன் தேச்சுப் பாலிஷு போடுறது. நம்ம வாயில போடுறதுக்கு அதெல்லாம் எதுக்கு?" என்றார். அம்மா கவரைப் பிரித்து, "எந்தா இது, காம்பும் குப்பையுமா" என்று முகம் சுளித்தாள். பாயசத்தில் போட்ட பிறகு, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பினால் என் மூலையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. உள்ளே கவர் கவராக, காய்ந்து, ஒழுங்காக, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு, அதில் அக்காவின் குண்டு குண்டான கையெழுத்தில் இடம், தேதி. என் வேலை வாழ்க்கையில் இப்படி ஒரு விளைச்சலைப் பார்த்ததில்லை. மணம்கூட அவ்வளவு மோசமில்லை. வாய் நிறையப் பாராட்டினேன். பெண்களுக்குப் பெருமை தாங்கவில்லை. தலைகால் புரியாமல் பெட்டிகளோடு பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.

எங்கள் ஆய்வகத் தலைவர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகிவிடும். பத்து நாள் கழித்து என்னைக் கூப்பிட்டபோது காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

"ஏனுங்க அம்மிணி, இதெல்லாம் யாரு போட்டதுங்க?"

"பூனைதான் சார்."

"பூனையக் காணமுங்களே. எல்லாப் பொட்டலத்துலயும் மனுசன்தான் வர்றான். கொஞ்சம் ஏலக்காய் வருது. உள்ளுக்குள்ள தவளை இருக்குது, எலி இருக்குது, குருவி இருக்குது. தின்னது அத்தனையும் தெரியுது, தின்னவன் யாருன்னு தெரியல. மனுசன் காட்டுக்குள்ள பூந்து தவளை திங்கறான்னு ரிப்போர்ட்டு எழுதிரலாமுங்களா?"

மேற்புறத்துப் பிசுக்கு சுத்தமாக இல்லை, யாரோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள் என்றார். ஒரே ஒரு பொட்டலம் மட்டும் பார்க்கவே வேறு மாதிரி, மண்ணும் புல்லுமாக இருந்ததாம். அதைத் தனியாக வைத்திருப்பதாகவும் அடுத்த வாரம் பார்ப்பதாகவும் சொன்னார். மீதியெல்லாம் குப்பை. நான் வரிசையில் நின்ற முதல் பஸ்ஸில் ஏறினேன். தேனி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஸ்டோருக்குப் பின்னால் போய் நின்றபோது விஷயம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. ஏலக்காய் காயும் அறைக்குள் அவர்கள் எதையும் கொண்டுபோகவில்லை, அந்தப் புத்தி அவர்களுக்கு என்னைவிட அதிகம். வெளியே விறகு அடுப்பின் சூட்டுத் திட்டில் பழைய தகரத்தைப் போட்டு அதில் உலர்த்தியிருந்தார்கள். உலர்ந்ததைக் கழித்துப்போட்ட கம்பி வலைத் தட்டில் போட்டு, கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, இரண்டு பெண்கள் பதமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மண், பிசுக்கு, மயிர் எல்லாம் கீழே உதிர்ந்தது. மூன்றாமவள் வெறுங்கையால் பெரிது, நடுத்தரம், சிறிது என்று தரம் பிரித்தாள். சிறிதெல்லாம் கழிவுக் கூடைக்குப் போனது. நான் கொடுத்த கையுறைகள் புத்தம் புதிதாக ஆணியில் தொங்கின.

"என்னக்கா இது?"

"பாலிஷு" என்றார் அக்கா. "மண்ணும் பிசுக்குமா குடுத்தா லேபுல மதிப்பாகளா? அதேன் நல்லதா பாத்து ஒதுக்கிருக்கு."

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. காலம் முழுக்கக் காயைக் காயவைத்து, தேய்த்து, சலித்து, நல்லதை மேலே அனுப்பிப் பழகிய கைகள். எதையாவது பத்திரமாக வெளியூர் அனுப்பச் சொன்னால் அவை வேறென்ன செய்யும்? தேய்க்காதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. பீயை ஒருவர் பாலிஷ் போடுவார் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு முன்கோபம் எங்கள் அப்பா வழியில் வந்தது, அது நாக்குக்குத்தான் முதலில் ஏறும்.

"கடுவன் மாட்டிக்கக் கூடாதுன்னுதானே எல்லாத்தையும் தேய்ச்சு அழிச்சேள்?" என்றேன்.

வலைத் தட்டில் கைகள் நின்றன. அக்கா என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பிடியா நெனச்சீக?"

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்ச் சல்லடையை எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் ஜீப்பிலிருந்து இறங்கியதும், "வணக்கம் மேடம்" என்றார். அந்த 'மேடம்' எனக்கு அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் என் சந்தேகம் போகவில்லை. பாசம் இருக்கிற இடத்தில் இப்படிச் செய்யமாட்டார்களா என்ன, நானாக இருந்தால் செய்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடுவன் வழக்கம்போல மதியத்தில் வந்து அவர் பாதத்தில் உட்கார்ந்து, கருவாட்டுத் தலையைத் தின்றுவிட்டு என்னை அலட்சியமாகப் பார்த்தது.

ஒரு வாரத்தில் ஆய்வகத்திலிருந்து ஃபோன் வந்தது.

"அம்மிணி, தனியா வெச்ச அந்தப் பொட்டலம் அருமையா வந்திருக்குதுங்க. வீட்டுப் பூனை. அதும் உங்க ஸ்டோர்ப் பூனையேதானுங்க, எச்சிலோட அச்சாப் பொருந்துது. சீட்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கறன், பாருங்க."

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டி பெட்டியாக வந்த உற்சாகத்தில் நான் ஒரு சீட்டைக்கூட உட்கார்ந்து படித்திருக்கவில்லை. குண்டு குண்டான எழுத்தில் இப்படி இருந்தது: 'எங்க கடுவன். ஜண்டைக்கு அங்கிட்டு, ரெண்டாவது ஓடை தாண்டிப் பாறை மேல. கண்ணால பாத்தது.'

ஸ்டோருக்குப் பின்னால் எடுத்தது என்று எழுதியிருக்கலாம். எழுதாமலே விட்டிருக்கலாம். எடுக்காமல் காலால் தள்ளிவிட்டுப் போயிருந்தால் கேட்க நாதி இல்லை. அத்தனை பெட்டிகளில் பேசிய ஒரே பொட்டலம் அதுதான், அது அவர் பூனையைத்தான் காட்டிக்கொடுத்தது. அதைக் கொடுத்தவரைத்தான் நான் கள்ளி என்கிற மாதிரிப் பேசியிருக்கிறேன். வெட்கத்தில் அழுகைகூட வரவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம். அக்கா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார், பாதத்தின் மேல் கடுவன். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"ஏங்க்கா கொடுத்தீங்க அதை?"

"கேட்டீகள்ல. பாத்தா எடுங்க, எடுத்த எடத்த எழுதுங்கன்னீக. பாத்தேன், எடுத்தேன், எழுதுனேன்."

"அதை மட்டும் ஏன் தேய்க்கலை?"

அவர் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அது நம்ம வீட்டுது. நம்ம வீட்டுதுக்கு எதுக்கு பாலிஷு?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். சரி விடுங்க மேடம் என்றார். பிறகு குனிந்து அதன் கிழிந்த காதைத் தடவிக்கொண்டே, எப்போது கொண்டுபோவார்கள் என்று கேட்டார். கம்பத்துக்கு அவரே கொண்டுபோக முடியுமா என்றேன். இல்லையென்று தலையை ஆட்டினார். "வீட்ல கோழி வச்சிருக்கேன். இவன் வந்தா ஒரு வாரத்துல ஒரு ரெக்க மிஞ்சாது. வேற யார்கிட்டக் குடுத்தாலும் அவுத்து விட்டுருவாய்ங்க. இவன் மலையப் பாத்து நடந்துருவான்." காப்பகத்தில் எங்கே வைப்பார்கள் என்று கேட்டார். கூண்டில் என்றேன். அவர் சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை.

"எங்காத்துக்குக் கொண்டுபோறேன்க்கா" என்று யாரோ சொன்னார்கள். பார்த்தால் நான்தான். யோசிக்கும் முன்பே நாக்குக்கு ஏறிவிடுகிற அதே குடும்பச் சொத்து. இந்த முறை மட்டும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

மேலிடத்தில் சம்மதம் வாங்கி, குமுளியில் கால்நடை மருத்துவரிடம் ஊசியும் அறுவையும் முடித்து, மூடிய பிரம்புக் கூடையில் கடுவனை வைத்துப் பஸ் ஏறினேன். அது கம்பம் இறங்குகிறவரை ஒப்பாரி வைத்தது. பக்கத்து சீட்டு அம்மாள், "பூனை குறுக்க போனாலே விடியாது, இதுல மடியிலயே பூனையக் கட்டிக்கிட்டுப் போறியே தாயி, போற காரியம் வெளங்குமா?" என்றாள். நானே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பீயிலேர்ந்து பூனைக்கு வந்தாச்சு. ப்ரமோஷனாக்கும்."

இரண்டு நாள் கடுவன் எங்கள் வீட்டுத் தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டு, உத்தரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அம்மா கீழே நின்று அதோடு வாதாடினாள். மூன்றாம் நாள் இறங்கி வந்து தட்டை நக்கி முடித்தது. அன்றைக்கு அம்மா ஊரெல்லாம் ஃபோன் போட்டு, "சமத்து, கேட்டயா? சுத்த வெஜிடேரியன்" என்று சொல்லித் தீர்த்தாள். மாமிக்கு இதுதான் புலியா என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும், கேட்கவில்லை.

அடுத்த சுற்றுக்கு நான் ஸ்டோருக்குப் போனேன். இப்போது பெண்கள் கையுறை போட்டு, மண்ணும் புல்லுமாக அப்படியே எடுத்துத் தருகிறார்கள். சிறிதைக் கழிப்பதில்லை. முதல் தடவையாகக் காட்டுக்குள் எந்தெந்தப் பூனை உலாத்துகிறது என்று தெரியத் தொடங்கியிருந்தது. சிறுத்தைப்பூனையும் இரண்டு இடத்தில் வந்தது. ஆய்வகத் தலைவரின் குரல்கூடக் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மதியம் அக்காவோடு படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தயிர்சாதம் தின்கிறது என்று சொன்னதும் அவர் நம்பவில்லை. என் ஃபோனில் இருந்த படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"மெலிஞ்சிட்டான்" என்றார்.

தூக்குச்சட்டியைத் திறந்து கருவாட்டைக் கிள்ளினார். தலையை எடுத்து, பழக்கத்தில், கால்மாட்டில் வைக்கக் குனிந்தார். பாதத்தின் மேல் ஒன்றும் இல்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"ஒரு கவரு குடுங்க டீச்சரு" என்றார்.

டீச்சர் என்று கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது. பையிலிருந்து ஜிப் கவர் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தலையை உள்ளே போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே மூடினார். என் பேனாவை வாங்கி, குண்டு குண்டாக எழுதி, என் கையில் வைத்தார்.

"சுத்தம் பண்ணல. பாலிஷு போடாம அப்பிடியே இருக்கு" என்றார்.

கவரின் மேல் 'எங்க கடுவனுக்கு' என்று எழுதியிருந்தது. எங்கள் தெருவுக்குள் கருவாடு நுழைந்ததாக எனக்குத் தெரிந்து சரித்திரமில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்று திண்டுக்கல் தாண்டிய பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்று, அதை மற்ற பொட்டலங்களோடு சேர்க்காமல் என் கைப்பையில் தனியாக வைத்துக்கொண்டேன்.